வளவு காடான பிறகு

பெத்தாச்சி புளியம்பழத்தைக் காதுக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் ஆட்டினார். பிறகு என் கையில் தந்தார்.

"கேட்டுப் பாரு மனே."

ஆட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்காட்டி இன்னும் கோது விடல்ல. பத்து நாள் போகட்டும்."

அடுத்த கொப்பிலிருந்து இன்னொன்றைக் கொக்கத்தடியால் இழுத்து எடுத்தார். அது கலகலத்தது. கோதுக்குள்ளே பழம் சுருங்கி, கோதை விட்டு விலகித் தனியே ஆடுகிற சத்தம். "இதுதான் புளி. மத்தது வெறுங்காய்," என்றார்.

2009 மாசி அது. தாந்தாமலைக்கு மேற்கே, நடுக்காடு என்று நான் நினைத்துக்கொண்டு நின்ற ஓரிடம். மில் நடத்துகிறவன் நான். பதினொரு வருடமாகப் புளி கண்டவன் என்றுதான் எண்ணியிருந்தேன். நான் கண்டதெல்லாம் உரப்பையில் கட்டி வருகிற புளி.

எங்கள் மில் ஆரையம்பதியில் இருக்கிறது. அப்பா வைத்தது. சனம் வறுத்துக் கொண்டுவரும் மிளகாய், மல்லி, ஊறவைத்த அரிசி, இவற்றை அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவோம். தூள் பக்கற் போட்டு விற்கலாம் என்று ஒருமுறை முயன்றேன். பக்கத்தில் காத்தான்குடி. வியாபாரத்தை எங்களைவிட நாலு தலைமுறை முன்னே படித்த ஊர். அவர்கள் விற்கிற விலைக்கு என்னால் மிளகாய் வாங்கவே முடியாது. அப்போதுதான் மற்றவனிடம் இல்லாத சரக்கு எது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேட்டம் என்னை வாவிக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டது.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பொழுது எழும் பக்கம், பொழுது படும் பக்கம். எழுவான்கரையில் வேலிக்கு வேலி வீடு. படுவான்கரையில் வயல், குளம், அதற்கும் அங்கால் காடு. 2014 சித்திரையில் மண்முனைப் பாலம் திறக்கும்வரை இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கு இருந்தது 'பாதை'தான். வெளியூர்க்காரர் பாதை என்றால் றோட்டு என்று நினைப்பார்கள். இது இரும்பு மிதவை. மோட்டார் சைக்கிள், மாடு, நெல்மூட்டை, கல்யாணப் பொம்பிளை எல்லாம் ஒன்றாக ஏறும். என் புளிச் சாக்குகள் முதல் ஐந்து வருடமும் அதில்தான் வந்தன. மழைக்காலத்தில் அலை அடித்து அடிச்சாக்கு நனையும். நனைந்த சாக்கைத் தனியே வைக்காவிட்டால் மற்றதையும் கெடுக்கும் என்பதைப் பாதையில் வேலை செய்த பெடியன்தான் எனக்குச் சொல்லித் தந்தான்.

அந்த நாளில் படுவான்கரைக்கு நிறுவனங்கள் நிறைய வந்தன. 2007க்குப் பிறகு மீளக் குடியேறிய சனத்துக்கு வாழ்வாதாரம் கொடுக்க வந்தவை. ஒரு நிறுவனம் காட்டு வாசனைச் சரக்குகள் பற்றி மாதர் சங்கத்துக்குப் பயிற்சி வைத்தது. நானும் பின்வாங்கில் இருந்தேன். சுவரில் படம் விழுத்திக் காட்டினார்கள்: கறுவா, ஏலம், சாதிக்காய், கராம்பு. நடுவில் ஒரு பெண் எழும்பி, "தம்பி, இதெல்லாம் கண்டிப் பக்கத்துச் சாமான். இஞ்ச ஆவணியில குளமே வத்திப் போகும்," என்றார். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அவர் சொன்னது சரி. ஏலம் நக்கிள்ஸ் மலையில் பெருமரங்களின் நிழலில், ஈரத்தில் வளர்கிற பயிர். அங்கேயே அது காட்டின் அடியைக் கெடுக்கிறது என்று பயிரிடத் தடை போட்டார்கள். எங்களுக்கோ மழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு முடியும். பிறகு எட்டு மாதம் வெயில். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்தால் உதடு வெடிக்கும்.

தேநீர் நேரத்தில் அந்தப் பெண்கள் தங்களுக்குள் சொன்ன பட்டியல் வேறு: பழப்புளி, கறிவேப்பிலை, விளாங்காய், காட்டுத் தேசி, நெல்லி, நன்னாரி, கடுக்காய், தான்றி. நான் ஒரு சிகரட் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டேன். அந்த அட்டை இப்போதும் மில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதில் உள்ளவற்றில் பாதியை நாங்கள் தொடவே இல்லை. கடுக்காயும் தான்றியும் பிபிலைப் பக்கத்துக் காட்டில் குவிந்து கிடக்கும். செங்கலடியில் தொடங்குகிற பதுளை வீதியால் கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா கடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே நில்கலவில் பொறுக்க வசதியாக இருக்கட்டும் என்று சிலர் புல்லுக்கு நெருப்பு வைக்கிறார்கள். புல் எரிந்தால் விழுந்த காய் கண்ணுக்குத் தெரியும். அடுத்த தலைமுறைக் கன்றும் அதோடு எரியும். வைத்தியச் சரக்கு நமக்கு வேண்டாம், கறிக்குப் போகிற சரக்கோடு நிற்போம் என்று வரும் வழியிலேயே முடிவெடுத்தேன்.

முதல் நாள் காட்டுக்குள் போனபோது பெத்தாச்சியோடு சேர்த்து ஏழு பெண்கள் வந்தார்கள். காவலரணில் பெயர் பதிந்துவிட்டுப் போனோம். சில இடங்களில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தது. எந்தத் தடம் சரி என்று பலகையைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் காட்டு மரங்களைத் தேடிக்கொண்டு நடந்தேன். அவர்கள் தேடவில்லை. நேரே போனார்கள்.

ஒரு புளிக்குக் கீழே உமலை இறக்கியபோது பெத்தாச்சி கேட்டார், "மரம் நிக்கிற விதத்தப் பாத்தியா?"

பார்த்தேன். நாலு புளி. ஏறக்குறைய ஒரே இடைவெளி. அவற்றுக்கு நடுவே, பற்றைக்குள், கறிவேப்பிலை. ஒன்று இரண்டல்ல, ஒரு குட்டிக் காடு. கொஞ்சம் தள்ளி முள்ளுக்குள் ஒரு தேசி.

"கறிவேப்பிலை நிக்கிற இடம் குசினிக்குப் பின்பக்கம். கழுவுற தண்ணி போற இடம். தேசி கிணத்தடி. இது காடில்ல மனே. இது என்ட தம்பிப் பொண்டாட்டிட தாய்ட வளவு."

பற்றையை விலக்கிக் காட்டினார். கிணற்றுக் கட்டு இருந்தது. உள்ளே ஒரு இலுப்பைக் கன்று முளைத்து மேலே எட்டிப் பார்த்தது.

அதன் பிறகுதான் கண் திறந்தது. புளி இந்த மண்ணில் தோன்றிய மரமே அல்ல. ஆபிரிக்காவிலிருந்து எப்போதோ வந்தது. அரபிக்காரர் அதற்கு 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை, என்று பெயர் வைக்க, வெள்ளைக்காரன் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டான். காட்டுக்குள் புளி நின்றால் அங்கே ஆள் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யானையோ குரங்கோ கொட்டையைப் போட்டிருக்க வேண்டும். வரிசையில் நின்றால் சந்தேகமே இல்லை. 1990இல் சண்டையால் சனம் எழும்பிப் போன வளவுகள் இருபது வருடத்தில் காடாகிவிட்டன. அதற்கும் முந்தியவையும் இருந்தன. 1978 கார்த்திகைச் சூறாவளியில் முறிந்து பக்கத்தால் தழைத்த புளிகளை, "இது புயலுக்கு முந்தினது," என்று அடிமரத்தின் கோணலைப் பார்த்தே சொல்வார்கள். நேரே வளர்ந்தது பிந்தினது.

எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். மாப்பிள்ளை வந்து சேருகிறவன். ஆகவே ஒரு மரம் ஆருடையது என்று கேட்டால் பதில் தாய் வழியாகத்தான் வரும்: இன்னாரின் மகள், அவளின் மூத்த மகள், அவள் இப்போது கல்முனைப் பக்கம், இல்லாவிட்டால் சுவிசில், இல்லாவிட்டால் இல்லை. அந்த ஏழு பெண்களுக்கும் காடு முழுக்க இப்படித்தான் பாடமாக இருந்தது. என் சிகரட் அட்டையில் இருந்தது மரங்களின் பெயர். அவர்களிடம் இருந்தது மரங்களின் முகவரி.

மாதர் சங்கத்தோடு நான் இருந்த முதல் கூட்டத்தில் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஆள் தெரிந்த வளவில் பறித்தால் பத்தில் ஒரு பங்கு அந்த வளவுக்காரிக்கு. வந்து கேட்டால் கொடுக்க வேண்டும். வராவிட்டால் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். நான் எதிர்த்தேன். காட்டுக்குள் கிடந்து யானை தின்னப்போகிற புளிக்கு ஆருக்குக் கணக்கு? இலாபமே இன்னும் வரவில்லை. கூட்டம் அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தது. பேசாமல் இருப்பது அவர்களுடைய வாக்கெடுப்பு முறை. நான் தோற்றேன்.

புளியை வெயிலில் போட்டால் காயும், காய்ந்தால் கட்டலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். முதல் வருடம் கோதோடு 1,200 கிலோ சேர்த்தோம். கோது உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்த பிறகு கையில் நின்றது 540. பாதிக்கு மேல் கோதும் கொட்டையும். இது புளியின் இயல்பு என்று அப்போது தெரியாததால் ஆரோ களவெடுக்கிறார்கள் என்று இரண்டு நாள் மனதுக்குள் சந்தேகப்பட்டேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. கொட்டை எடுப்பது கல்லில் வைத்துச் சின்ன மரக்கட்டையால் தட்டுகிற வேலை. ஓங்கித் தட்டினால் கொட்டை உடைந்து சதையில் ஒட்டும். மெல்லத் தட்டினால் விடாது. கெட்டிக்காரி ஒருத்தி ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ எடுப்பாள். மாலையில் விரல்நுனி எல்லாம் வெளிறித் தோல் உரிந்திருக்கும். புளிப்பின் வேலை.

அந்த 540 கிலோவில் 200 கிலோவைக் கெடுத்தேன். பங்குனியில் எதிர்பாராத மழை ஒன்று வந்தது. இரண்டு நாள்தான் படங்கில் காய்ந்திருந்தது. காய்ந்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, உப்புப் பிசைந்து, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினேன். மூன்றாம் கிழமை பைகள் பலூன் போல ஊதி நின்றன. திறந்தால் கள்ளு வாடை. மிச்சத்தில் கொஞ்சத்தை மில்லில் கிடந்த தகர டிரம்மில் போட்டு வைத்திருந்தேன். அது கறுத்து, நாக்கில் ஆணியை நக்கியது போல ருசித்தது. புளி இரும்பையும் தகரத்தையும் தின்னும் என்று பெத்தாச்சிக்குத் தெரியும். அவர் வீட்டில் புளி இருந்தது மண்சட்டியில். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, "மில்லுக்காரப் புள்ளைக்குத் தெரியும் எண்டு நினச்சன்," என்றார்.

காய்ந்ததா என்று பார்க்க இப்போது எங்களிடம் இருக்கும் முறை அவருடையதுதான். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கி உருட்ட வேண்டும். உருண்டை கையை விட்டுச் சுத்தமாகக் கழன்றால் காய்ந்தது. கையில் பசை நின்றால் இன்னும் ஒரு வெயில். உருண்டையே வராமல் உதிர்ந்தால் நேற்றே எடுத்திருக்க வேண்டும். ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்று ஒரு திட்டத்தில் கிடைத்தது. அதன் பற்றரி முடிந்து எத்தனையோ வருடம். நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்தில் மூங்கில் தட்டி கட்டி, மேலே வலை போட்டுக் காய வைக்கிறோம். நிலத்தில் காய வைத்தால் மணல் ஏறும். ஆணத்தில் ஒரு மணல் பல்லில் கடிபட்டால் அந்த வீட்டுக்காரி மறுபடி வாங்கமாட்டாள்.

எங்கள் புளிக்கு என்ன விசேசம் என்று கொழும்பில் கேட்பார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. ஒரு தேசிக்காய் அளவு புளியைக் கரைத்து, நாலு சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை போட்டுப் புளியாணம் காய்ச்சிக் கொடுப்பேன். வாவி இறாலை அதில் போட்டால் ஐந்து நிமிசம் போதும். புளிப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு வரும். உப்புத் தண்ணீருக்குக் கிட்ட நின்ற மரமும் காட்டு மரமும் அதில் வித்தியாசப்படும். ஒரே வளவின் நாலு மரமும் நாலு ருசி. வருடத்துக்கு வருடமும் மாறும். இதை ஒரே மாதிரியாக்கித் தரச் சொல்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கறிவேப்பிலையின் கதை நேர் எதிர். புளியைக் கூட்டுவது கஷ்டம். கறிவேப்பிலையைக் கூட்டுவது சுலபம் என்று நினைத்து அதைக் கெடுத்தோம்.

காட்டுக் கறிவேப்பிலை சின்ன இலை, கடும் பச்சை. நிழலில் மெல்ல வளரும். நுனியைக் கிள்ளினாலே கையில் அரை நாள் மணம் நிற்கும். கொண்டைக்குருவி பழத்தைத் தின்று விதையை எங்கும் போட, வேரும் ஓடி ஓடிக் குருத்து விடும். அதனால்தான் ஒரு குசினிக் கறிவேப்பிலை இருபது வருடத்தில் ஒரு காடானது. தாவர நூலில் இதற்கு முறாயா கோனிகீ என்று பெயர். கோனிக் என்பவர் லின்னேயஸின் மாணவர். 1768இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிசன் வைத்தியராக வந்து, சோழமண்டலக் கரையில் செடி பொறுக்கித் திரிந்தவர். நம் கறிச்சட்டிக்குள் ஒரு ஜெர்மன்காரரின் பெயர் கிடக்கிறது என்று பெண்களுக்குச் சொன்னேன். "அவர் என்ன கறிக்குப் போட்டாராம்?" என்று கேட்டார்கள்.

காட்டில் கொத்தாக முறித்தால் செடி சோரும். வீட்டில் நட்டால் பெருக்கலாம் என்று 2011இல் 600 கன்று போட முனைந்தோம். விதையைக் காய வைத்து, பத்திரமாகப் போத்தலில் அடைத்து, இரண்டு மாதம் கழித்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கறிவேப்பிலை விதை காய்ந்தால் செத்துப்போகும். பழம் கறுத்தவுடன் தோலைக் கழற்றி, அந்தக் கிழமையே மண்ணுக்குள் போட வேண்டும். அடுத்த வருடம் அப்படிச் செய்தபோது வந்தது. வந்த கன்றுகளை வெட்டவெளியில் நட்டு, யூரியா போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தோம். இலை உள்ளங்கை நீளம். பார்க்க அழகு. மணம் பாதி. சந்தைக் கறிவேப்பிலை போல ஆகிவிட்டது. சந்தைக் கறிவேப்பிலையைச் சந்தையிலேயே மலிவாக வாங்கலாமே.

மூன்றாம் முறை யூரியாவை நிறுத்தி, முருங்கைக்கும் தென்னைக்கும் இடையில் அரை நிழலில் வைத்தோம். தாகம் தெரிய விட்டுத் தண்ணீர் கொடுத்தோம். மணம் வந்தது. விளைச்சல் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. இன்றும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறோம். காய வைப்பதும் அப்படியே. வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயும், மண்ணிறமாகும், வைக்கோல் மணக்கும். நிழலில், காற்று ஓடும் அறையில், பன்பாயில் பரப்பினால் நாலு நாள். பச்சையாகவே நொறுங்கும். கொத்தாக ஐந்து கிலோ வந்தால் ஈர்க்கு போக ஒரு கிலோகூடத் தேறாது.

நாய்க்கடுகு எங்கள் பட்டியலில் கடைசியாக, தற்செயலாக வந்தது. சேனை விட்ட நிலமெல்லாம் மஞ்சள் பூவோடு நிற்கிற களை. தொட்டால் கையில் ஒட்டும், ஒரு மாதிரி வாடை. மாடும் தொடாது. வெளியூர் போய்வந்த ஒருவர், வட இந்தியாவில் கடுவால் மலைக்காரர் இதே விதையை ஜாக்யா என்று சொல்லி எண்ணெயில் பொரித்து உருளைக்கிழங்குக்குப் போடுகிறார்கள் என்றார். நம்பாமல் ஒரு கரண்டி தாளித்துப் பார்த்தேன். கடுகைவிடச் சின்னது, படபடவென்று பொரிந்தது, வறுத்த எள்ளின் மணம் தூக்கலாக. அறுவடையில்தான் வினை. காய் காய்ந்தால் தானாக வெடித்துக் கொட்டிவிடும். வெள்ளாப்போடு, பனி காயுமுன்னே, செடியோடு அறுத்துப் படங்கில் சுருட்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஏழு மணிக்குப் போனவளுக்கு வெறும் தண்டுதான். வருடத்துக்கு 40, 50 கிலோவுக்கு மேல் இன்றுவரை சேரவில்லை. மட்டக்களப்பில் எவரும் வாங்குவதுமில்லை. கொழும்பில் இரண்டு சமையற்காரர்கள் வாங்குகிறார்கள். அதற்காக விடவும் மனமில்லை.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அதில் காட்டு விளைபொருள் என்றால் மரம் மட்டுமல்ல. இலை, பழம், பட்டை, தேன் எல்லாம் அடங்கும். ஒரு வளவு காடாகி, அந்தக் காடு அரச காடாக வரைபடத்தில் ஏறிவிட்டால், தாய் நட்ட புளியில் மகள் பழம் பறிப்பதும் காட்டு விளைபொருள் எடுப்பதுதான். ஒருமுறை எங்கள் சாக்குகள் ஒரு சாவடியில் இரண்டு நாள் நின்றன. பிறகு கிராம சேவகரிடம் கடிதம், பிரதேச செயலகத்தில் கடிதம், அனுமதி, ஒவ்வொரு வருடமும் புதிதாக. இந்தியாவில் 2006இல் கொண்டுவந்த வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருளின் உரிமையைக் காட்டுவாசிகளுக்கே கொடுத்தது. பஸ்தரில் ஜகதல்பூர்ச் சந்தைக்குப் பழங்குடிகள் கொண்டுவருகிற புளி லொறி லொறியாகப் போகிறது. அங்கேயும் தராசுக்காரன் தராசுக்காரன்தான் என்கிறார்கள். ஆனாலும் மரம் ஆருடையது என்ற கேள்விக்கு எழுத்தில் ஒரு பதிலாவது இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பதில் சங்கத்தின் கொப்பியில் மட்டும்.

கொழும்புக் கொம்பனி ஒன்று வந்தது. ருசி பார்த்தார்கள், பிடித்தது. மாதம் ஐந்து தொன் கேட்டார்கள். எங்கள் வருடமே மூன்று தொன்னைத் தாண்டியதில்லை என்றேன். மற்றக் காடுகளிலிருந்தும் சேர்க்கலாமே என்றார்கள். லேபல் ஒன்றும் வரைந்து கொண்டுவந்திருந்தார்கள்: வில்லோடு ஒரு வேடர், கீழே புளிக்கொத்து. கூட்டத்தில் அது கைமாறிப் போனது. வாகரைப் பக்கம் வேடர் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன, தேன் எடுக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். "அவங்கட படத்த எங்கட புளியில ஒட்டுறதுக்கு அவங்களுக்கு என்ன குடுப்பீங்க?" என்று சங்கத் தலைவி கேட்டார். கொம்பனிப் பெடியன் சிரித்துச் சமாளித்தான். பிறகு வரவில்லை. நல்ல விலைதான் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கவலை. இப்போது லேபலில் படமே இல்லை. உணவுச் சட்டம் கேட்கிற விபரமும் ஊரின் பெயரும்தான்.

அதைவிடப் பெரிய சோதனை 2020. முந்திய வருட முடிவில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். சில நூறு ரூபாய் விற்ற மஞ்சள் ஆயிரக்கணக்கில் ஏறியது. பழைய வளவுகளில் நட்டு விட்டுப்போன மஞ்சள் மாரியில் முளைத்து, கோடையில் மடிந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்தது. தரகர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். பழம் பறித்தால் மரம் நிற்கும், கிழங்கு கிண்டினால் ஒன்றும் மிஞ்சாது. சங்கம் வேண்டாம் என்றது. ஆனாலும் இரண்டு குடும்பம் கிண்டியது, பிள்ளைக்கு வைத்தியச் செலவு, வேறு வழியில்லை. அதை வாங்கியது ஆர்? நான்தான். வேறொருவனிடம் அரை விலைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாங்கினேன். நல்ல இலாபம் வந்தது. அந்த இரண்டு வளவிலும் இப்போது மஞ்சள் இல்லை. அந்தக் கிழங்குக்கு வளவுக்காரிகளின் பங்கை எழுதினீர்களா என்று பெத்தாச்சி கேட்டார். எழுதினேன். என் பங்கிலிருந்து.

யானையைச் சொல்ல மறந்துவிட்டேன். 2017இல் நல்ல விளைச்சல். தாந்தாமலைப் பக்கத்திலேயே கல்லும் களிமண்ணுமாக ஒரு சின்னக் களஞ்சியம் கட்டி, உப்புப் போட்ட புளியை அதற்குள் அடுக்கியிருந்தோம். யானைக்குப் புளியும் பிடிக்கும், உப்பும் பிடிக்கும். இரண்டையும் பிசைந்து வைத்தால் என்ன நடக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு இரவில் தனியன் ஒன்று சுவரைத் தள்ளி, துதிக்கையை விட்டு, சாக்குச் சாக்காக இழுத்துப் போட்டுத் தின்றிருந்தது. விடிய நாங்கள் போனபோது மிச்சச் சாக்குகளை மிதித்துப் பரப்பி வைத்திருந்தது. சாணியில் புளியங்கொட்டை முழுசு முழுசாக. "அடுத்த மரத்த நட்டுட்டுப் போயிருக்கு," என்றார் ஒருவர். சிரிக்க ஏலவில்லை. அதன் பிறகு களஞ்சியத்தை ஊருக்கு நடுவே கொண்டுவந்தோம். உப்பை மில்லில் வைத்துத்தான் பிசைகிறோம்.

போன வருடம் தாந்தாமலைத் திருவிழாவுக்குக் கல்முனைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெத்தாச்சியின் தம்பி பெண்சாதிக்குக் கடைசித் தங்கை. எழும்பிப் போனபோது பள்ளிக்கூடப் பிள்ளை. தாயின் வளவைப் பார்க்க வேண்டும் என்றார். நாலு புளியில் மூன்றுதான் நின்றது. ஒன்று மின்னல் விழுந்து பட்டுப்போயிருந்தது. அவர் நேரே கறிவேப்பிலைக்குள் போனார். குனிந்து எதையோ தேடினார். குசினிப் படிக்கல். கிடைத்தது. அதில் ஏறி நின்று நாலாபக்கமும் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

சங்கக் கட்டடத்தில் வாங்குபோட்டு இருத்தி, தேநீர் கொடுத்து, தலைவி கொப்பியை எடுத்து முன்னால் வைத்தார். 2009இலிருந்து அந்த வளவின் கணக்கு, வருடம், கிலோ, விலை, பத்தில் ஒன்று. நான் எதிர்பார்த்தது அவர் நெகிழ்ந்து, காசு வேண்டாம், சங்கத்துக்கே வையுங்கள் என்பார் என்று. அவர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். 2013இல் ஒன்றும் இல்லையே என்றார். பூவெல்லாம் மழையில் கொட்டிவிட்டது என்று சொன்னார்கள். தலையாட்டினார். 2014 விலை ஏன் குறைவு என்றார். அதற்கும் பதில் இருந்தது. மூன்றரை பஸ் போய்விட்டது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2017இல் விரல் நின்றது.

"நல்ல விளைச்சல் எண்டு நீங்கதான் சொன்னீங்க. இதில பதினொரு கிலோ மட்டும் கிடக்கு?"

ஏழு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.